"விளங்கிச்சா?" என்று கேட்டால் போதுமா?
சப்ரகமுவ தோட்டத்துப் பிள்ளைகளும் தாதியரின் சுகாதார எழுத்தறிவும்

சில வருடங்களுக்கு முன்னர் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டு, சப்ரகமுவையின் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் சிறுவர் வாட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். பக்கத்துக் கட்டிலில் இறப்பர் தோட்டமொன்றிலிருந்து வந்த இளம் தாய். ஒன்றரை வயதுப் பிள்ளை. மூன்றாம் நாள் காலை அந்தப் பிள்ளைக்கு டிக்கட் வெட்டியாச்சு. தாதி வந்து, மருந்துப் போத்தலைக் காட்டி, சிங்களத்தில் நிதானமாகவே விளக்கினார். ஒரு தேக்கரண்டி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, காய்ச்சல் இருந்தால் மட்டும். கடைசியாக "தேருணாத?" என்று கேட்டார். விளங்கியதா என்று அர்த்தம். அந்தத் தாய் தலையாட்டி, "ஒவ் மிஸ்" என்றார்.

தாதி அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு நான் கேட்டேன்: "தங்கச்சி, வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்க?"

"கரண்டில ஒன்னு குடுக்கச் சொன்னாங்கக்கா."

"எந்தக் கரண்டி?"

அவர் கையால் அளவு காட்டினார். சோறு பரிமாறும்போது கறி அள்ளும் கரண்டி. "ஹெந்தி" என்ற சொல் அவருக்கு விளங்கியிருந்தது. அதற்கு முன்னால் வந்த "தே" என்ற ஓரெழுத்து விளங்கவில்லை. அந்த ஓரெழுத்தில்தான் பிள்ளையின் ஈரல் தங்கியிருந்தது.

நான் தாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முகம் வாடிப்போனது. ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்றை எடுத்துவந்து, ஐந்து மில்லிலீற்றர் கோட்டில் பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி, "இதுவரைக்கும்" என்று என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். தாயையே ஒரு தடவை தண்ணீர் இழுத்துக் காட்டவும் வைத்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அது தற்செயலாக நடக்காமல் ஒவ்வொரு கட்டிலருகிலும் வழக்கமாக நடக்க என்ன வேண்டும் என்பதே கேள்வி.

சுகாதார எழுத்தறிவு என்பது என்ன?

பெயரைக் கேட்டவுடன் வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்பதைப் பற்றிய விடயம் என்று எண்ணத் தோன்றும். அது ஒரு பகுதி மட்டுமே. 1974இல் ஸ்கொட் சைமண்ட்ஸ் என்ற அமெரிக்கர் பாடசாலைச் சுகாதாரக் கல்வியைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய டொன் நட்பீம் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். முதலாவது, மருந்துச் சீட்டையும் அறிவுறுத்தலையும் விளங்கிக்கொள்வது. இரண்டாவது, சுகாதாரப் பணியாளருடன் பேசி, கேள்வி கேட்டு, கிடைத்த பதிலைத் தன் வீட்டு நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது. மூன்றாவது, வருகின்ற தகவலை எடைபோட்டு, தன் சமூகத்தின் சுகாதாரத்துக்காகக் குரல் கொடுப்பது. 2016இல் ஷங்ஹாயில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய ஒன்பதாவது சுகாதார மேம்பாட்டு மாநாடு, சுகாதார எழுத்தறிவைத் தன் பிரகடனத்தின் தூண்களில் ஒன்றாக வைத்தது.

நீண்ட காலமாக இது நோயாளியின் குறைபாடாகவே பார்க்கப்பட்டது. "அவங்களுக்குப் படிப்பில்ல, சொன்னா விளங்காது" என்ற பேச்சு அதன் நாட்டு வடிவம். இன்று பார்வை மாறியிருக்கிறது. சொல்பவர் எப்படிச் சொல்கிறார், வைத்தியசாலை தன் தகவலை எப்படி அமைத்திருக்கிறது என்பதும் சுகாதார எழுத்தறிவின் பாதியாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே தாதியரின் சுகாதார எழுத்தறிவு என்றால், அவருக்கு நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதோடு நின்றுவிடாது. தனக்குத் தெரிந்ததை எதிரில் நிற்பவரின் கைக்கு எட்டும்படி கொடுக்கத் தெரியுமா, கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரியுமா என்பதும் அதில் அடங்கும்.

சிறுவர் வாட்டில் இது இரட்டிப்பு முக்கியம் பெறுகிறது. நோயாளிக்குப் பேச வயதில்லை. மருந்து கொடுப்பவர் வேறொருவர். அளவு பிள்ளையின் நிறைக்கு நிறை மாறுகிறது. பெரியவருக்குச் சிறு பிழையாக இருப்பது எட்டுக் கிலோப் பிள்ளைக்குப் பெரும் பிழையாகிவிடும்.

படித்த பெற்றோருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ண வேண்டாம். 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 2,110 பெற்றோரிடம் பாணி மருந்தை அளந்து காட்டச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒன்பது தடவை அளந்தார்கள். ஒரு தடவையேனும் பிழையாக அளந்தவர்கள் 84 சதவீதம். சிறிஞ்சைவிடச் சிறு கோப்பையில் அளந்தபோது பிழைகள் பன்மடங்கு கூடின. அச்சடித்த அறிவுறுத்தல் கையில் இருக்கும் நாட்டிலேயே இப்படியென்றால், அறிவுறுத்தலே வேறு மொழியில் வரும் இடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சப்ரகமுவையின் நிலைமை

மலையகம் என்றதும் நம் எண்ணம் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஓடுகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட மக்கள் பல நேரங்களில் கணக்கிலேயே வருவதில்லை. இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட ஆகிய ஊர்களைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியாவில் தமிழர் பெருந்தொகையாக ஒரே இடத்தில் வாழ்கிறார்கள். இங்கே சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு லயன்களாக வாழ்கிறார்கள். அதனால் வைத்தியசாலையில் தமிழ் பேசும் ஒரு தாதி இருப்பதே அபூர்வம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர். உடல் பலம் குன்றிய பிள்ளையை வயிற்றோட்டமும் நிமோனியாவும் கடுமையாகத் தாக்கும், திரும்பத் திரும்பவும் தாக்கும். இத்தகைய பிள்ளைகள்தான் வாட்டுக்கு அடிக்கடி வருகிறார்கள். ஒவ்வொரு வருகையும் தாய்க்கு எதையாவது கற்றுக்கொடுக்கக் கிடைத்த சந்தர்ப்பம். அதைத் தவறவிட்டால், அதே பிள்ளை அதே காரணத்துக்காக மறுபடி வரும்.

சட்டம் இந்த விடயத்தில் பேசாமல் இருக்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள மாகாணங்களிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை உறுதிசெய்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை, பிள்ளையின் சுகாதாரத்தையும் போசாக்கையும் பற்றிப் பெற்றோருக்கு அறிவு கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. ஆனால் பரீட்சையில் சித்தியடைவது வேறு. இரவு இரண்டு மணிக்கு வலிப்போடு வந்த பிள்ளையின் தாயிடம் தமிழில் நாலு வார்த்தை பேசுவது வேறு.

விளங்காமல் போனால் என்ன நடக்கும்?

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். மூன்றும் எந்தச் சிறுவர் வாட்டிலும் நாளாந்தம் வருபவை.

முதலாவது டெங்கு. 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடம் மே மாத இறுதியில் இரத்தினபுரியை வெள்ளமும் மூழ்கடித்தது. டெங்குவின் ஆபத்தான இயல்பு, காய்ச்சல் இறங்கும்போது ஆபத்து ஏறுவதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியத் தொடங்கும் 24 முதல் 48 மணித்தியால நெருக்கடிக் கட்டம், பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில் ஆரம்பிக்கிறது. பெற்றோர் நினைப்பது நேர் எதிர். "காய்ச்சல் விட்டிருச்சு, துண்டு குடுங்க மிஸ், போறோம்" என்று கேட்கிறார்கள். தோட்டத்துத் தாய்க்கு இதில் இன்னொரு நெருக்கடி. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இல்லை, சம்பளமும் இல்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கணும்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது தண்டனையாகவே படும். "காய்ச்சல் விடுற நேரத்துலதான் இந்த வருத்தம் உள்ளுக்குள்ள வேலை செய்யும். அந்த ரெண்டு நாளைக்குத்தான் பிள்ளைய நாங்க பாக்கணும்" என்று காரணத்தைச் சேர்த்துச் சொன்னால், அவர் தானாகவே தங்குவார்.

டெங்கு வாட்டில் பிள்ளை குடித்தது எவ்வளவு, சிறுநீர் கழித்தது எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். அளப்பது நடைமுறையில் தாய்தான். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வைத்தியர் சேலைனைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். எதற்காக அளக்கிறோம் என்று தெரியாத தாய், ஒரு தடவை மறந்துபோனால் ஏச்சுக்குப் பயந்து ஏதோவொரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணை நம்பித்தான் சிகிச்சை நடக்கும். சிவப்பு நிற, கபில நிறப் பானங்களைக் கொடுக்கவேண்டாம் என்பதும் அப்படித்தான். பிள்ளை வாந்தியெடுத்தால் அது இரத்தமா, குடித்த பானமா என்று தெரியாமல் போகும் என்பதே காரணம். காரணம் சொல்லப்படாவிட்டால், "இந்த ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் தடை" என்று தாய் எண்ணிக்கொண்டு மறைவாகக் கொடுப்பார்.

இரண்டாவது ஜீவனி. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் இந்தப் பொதியை ஒரு லீற்றர் சுத்தமான நீரில் கரைக்கவேண்டும். லயன் வீட்டில் ஒரு லீற்றர் அளக்கும் பாத்திரம் எங்கே இருக்கிறது? கடையில் வாங்கிய குடிபானப் போத்தல் இருக்கலாம். அது ஒன்றரை லீற்றராக இருந்தால் கரைசல் நீர்த்துப்போகும். ஒரு கோப்பை நீரில் முழுப் பொதியையும் கொட்டினால் உப்புக் கூடி, பிள்ளைக்குத் தீங்காகும். "ஒரு லீற்றர்" என்ற சொல்லைச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. "வீட்டுல எந்தப் போத்தல் இருக்கு?" என்று கேட்கவேண்டும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதையும், கூடவே கொடுக்கும் சிங்க் மருந்தை வயிற்றோட்டம் நின்ற பிறகும் 10 முதல் 14 நாள்வரை தொடரவேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல்லவேண்டும். காரணம் இதுதான்: இன்றைய வயிற்றோட்டத்தை மட்டுமல்ல, அடுத்துவரும் மாதங்களில் வரக்கூடியதையும் அது குறைக்கிறது.

மூன்றாவது, எல்லார் வீட்டிலும் உள்ள பரசிற்றமோல் பாணி. ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு. இரண்டும் காய்ச்சல் பாணிதான், இரண்டும் இனிப்பு. ஆனால் ஒன்றில் மருந்து மற்றதைவிட இரண்டு மடங்கு. பழைய போத்தலின் அளவைப் புதிய போத்தலுக்குப் பாவித்தால் பிள்ளைக்கு இரட்டை மருந்து போகும். தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். கரண்டி மாறினால் மூன்று மடங்கு. என் பக்கத்துக் கட்டிலில் நடக்கவிருந்தது அதுதான்.

தமிழில் சொல்லிவிட்டால் போதுமா?

தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துவந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அதிலும் குழிகள் உண்டு.

சுகாதாரத் துண்டுப்பிரசுரத் தமிழையே எடுத்துக்கொள்வோம். "சிறுநீர் வெளியேற்றம் குறைவடைதல்", "நீரிழப்பின் அறிகுறிகள்", "சுவாசிப்பதில் சிரமம்" என்றெல்லாம் அச்சடித்திருக்கும். பிழையில்லாத தமிழ்தான். ஆனால் தோட்டத்தில் "ஒன்னுக்குப் போறது கொறஞ்சிருச்சு", "வயித்தால போகுது", "மூச்சு வாங்குது" என்றுதான் பேசுவார்கள். எமது ஊர்களில் "வருத்தம்" என்றால் நோய். தமிழ்நாட்டில் அச்சான சுவரொட்டியில் அதே சொல் கவலையைக் குறிக்கும்.

சில சொற்கள் இன்னும் ஆபத்தானவை. "பிள்ளைக்கு இழுப்பு" என்று ஒரு தாய் சொன்னால் அது ஆஸ்துமா இழுப்பா, வலிப்பா? இரண்டுக்கும் அந்தச் சொல் வழங்குகிறது. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. "தண்ணி அளவாக் குடுங்க" என்று தாதி சொன்னால், அளந்து கொடு என்று ஒருவருக்குக் கேட்கும், குறைத்துக் கொடு என்று இன்னொருவருக்குக் கேட்கும். "மூணு வேளை" என்றால் தாய் தன் சாப்பாட்டு வேளைகளை எண்ணுவார். காலையில் தேநீரும் ரொட்டியும், பிறகு மலையிலிருந்து இறங்கி வந்த பின் சோறு என்று வாழும் வீட்டில் மூன்று வேளை எது?

இன்னொன்று உண்டு. காலையில் கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ தாய் போய்விட்டால், பகல் மருந்தைக் கொடுப்பவர் அவரல்ல. பிள்ளைக் காம்பராவின் ஆயம்மாவோ, கண் மங்கிய பாட்டியோ கொடுப்பார். வாட்டில் தாய்க்கு எவ்வளவு நன்றாக விளக்கினாலும், அந்த விளக்கம் லயத்தில் இன்னொரு கைக்கு மாறுகிறது. ஆகவே தாதி கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று: "பகல்ல யார் மருந்து குடுப்பாங்க? அவங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

அவசர நேரத்தில் எட்டு, ஒன்பது வயது அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைப்பதும் வாட்டுகளில் நடக்கும் விடயம்தான். பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை ஏற்றக்கூடாது. அவன் தனக்கு விளங்கியதைத்தான் சொல்வான். விளங்காததை விட்டுவிடுவான்.

தாதியர் பழகவேண்டியவை

இதற்குப் பெரிய இயந்திரமோ கட்டடமோ தேவையில்லை. பழக்கங்கள் சில போதும்.

முதலாவது, யாருக்கும் விளங்காமல் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குவது. முகத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து, "இவருக்கு விளங்கும், அவருக்கு விளங்காது" என்று பிரிக்காமல், எல்லோருக்கும் ஒரே எளிமையோடு சொல்வது. தொற்று யாரிடமும் இருக்கலாம் என்று எல்லோரையும் தொடுமுன் கைகழுவுவது போன்றதுதான் இது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விடயங்களுக்கு மேல் சொல்லாதிருப்பது. டிக்கட் வெட்டும் நேரத்தில் பத்து விடயங்களைக் கொட்டினால் ஒன்றும் தங்காது. வாட்டில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நாளுக்கொன்றாகச் சொன்னால், போகும் நாளில் நினைவூட்டினால் போதும்.

மூன்றாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "விளங்கிச்சா?" என்ற கேள்விக்கு உலகமெங்கும் ஒரே பதில்தான்: "ஓம்." மரியாதைக்காகவும் வெட்கத்துக்காகவும், அடுத்த கட்டிலில் ஆள் காத்திருக்கிறாரே என்பதற்காகவும் சொல்லும் பதில் அது. அதற்குப் பதிலாக, "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குப் பாக்கணும். வீட்டுல போய் இந்த மருந்த எப்படிக் குடுப்பீங்கன்னு ஒருக்காச் சொல்லுங்க" என்று கேட்கவேண்டும். பரீட்சை தாய்க்கு அல்ல, எனக்குத்தான் என்று தாதி தன் மேலேயே போட்டுக்கொள்வதில்தான் இதன் பண்பு இருக்கிறது. தாய் பிழையாகச் சொன்னால் ஏசவேண்டியதில்லை. வேறு விதமாக மறுபடி சொல்லி, மறுபடி கேட்டால் போதும்.

நான்காவது, காட்டுவது. சிறிஞ்சில் கோடு போட்டுக் கொடுப்பது. மருந்து உறையில் சூரியனையும் நிலவையும் வரைவது. தாயையே ஒரு தடவை செய்துகாட்ட வைப்பது.

ஐந்தாவது, திரும்பி வரவேண்டிய அறிகுறிகளைச் சொல்லும்போது, வரும் வழியையும் பேசுவது. "பிள்ளை குடிக்காட்டி, சோர்ந்து போனா, மூச்சு வாங்கினா, வலிப்பு வந்தா உடனே கொண்டு வாங்க" என்று சொல்வது எளிது. தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்குப் பல மைல். இரவில் முச்சக்கரவண்டி வருமா? 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மண் சரிந்தது போன்ற மழைக்காலத்தில் பாதை திறந்திருக்குமா? அத்தகைய வீட்டுப் பிள்ளையை ஒரு நாள் கூடுதலாக வைத்திருப்பதே புத்தி என்று தாதி வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல முடியும். வீட்டின் தூரம் டிக்கட்டில் இருக்காது. கேட்ட தாதிக்குத்தான் தெரியும்.

தாதியரைக் குறைசொல்வது நியாயமா?

ஒரு தாதி இரவில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்று வாட்டில் தங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கும் டெங்குக் காலத்தில், ஒவ்வொரு தாயிடமும் இரண்டு நிமிடம் பேசு என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். அவர் கற்ற பயிற்சியில் ஊசி போடவும், சேலைன் ஏற்றவும், அட்டவணை நிரப்பவும் கொடுத்த நேரம் அதிகம். பேசக் கற்பதற்குக் கொடுத்த நேரம் குறைவு. "நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்று டிக்கட்டில் எழுதினால் வேலை முடிந்தது. அறிவுரை போய்ச் சேர்ந்ததா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஆகவே மாற்றம் தனி மனிதரின் நல்ல மனத்தில் மட்டும் தங்கியிருக்கக்கூடாது. தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் திருப்பிச் சொல்லக் கேட்கும் முறை செய்முறைப் பாடமாக வேண்டும். இரத்தினபுரியிலேயே அத்தகைய கல்லூரி இருப்பதால், சுற்றியுள்ள தோட்டங்களின் பேச்சுத் தமிழைப் படிக்க அங்குள்ள மாணவியருக்கு நல்ல வாய்ப்பு. இலக்கணத் தமிழ் வேண்டாம். வாட்டில் தேவையான ஐம்பது வாக்கியங்கள் போதும். அவற்றைச் சிங்கள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். மருந்து உறைகளும் வீட்டுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலும் இரு மொழியிலும் இருக்கவேண்டும். அச்சடிக்குமுன் தோட்டத்துத் தாய்மார் பத்துப் பேரிடம் கொடுத்து, "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுப் பார்க்கவேண்டும். சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வாட்டிலும் திறந்து பார்த்து, தோட்டத்து மருத்துவமாதுவுக்கு அதிலேயே ஒரு வரி எழுதியனுப்பினால், வாட்டில் தொடங்கிய பாடம் லயத்தில் தொடரும்.

"படிடப்புக்கு நேரமில்லை" என்ற பதில் வரலாம். தவறான அளவால் திரும்பி வரும் ஒரு பிள்ளைக்குச் செலவாகும் நேரத்தோடு அந்த இரண்டு நிமிடத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

எமது பங்கு

இது தோட்டத்து மக்களின் பிரச்சினை, எமக்கென்ன என்று வாசகர் எண்ணக்கூடும். மாவனல்லையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் உள்ள எமது உம்மாமாரும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். சந்தைச் சிங்களம் தெரிந்தவருக்கும் வாட்டுச் சிங்களம் விளங்குவதில்லை. விளங்காவிட்டாலும், தெரியாது என்று சொல்லக் கூச்சம். அந்த வகையில் தோட்டத்துத் தாயைவிட எமது தாயின் நிலை பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

இஸ்லாமிய வரலாற்றில் தாதிப் பணிக்கு மதிப்பான இடமுண்டு. அகழ்ப்போரில் காயமடைந்த ஸஃத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்க நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தக் கூடாரம் இருந்தது பள்ளிவாசலில். நோயாளியைப் பராமரிப்பதும் தொழுவதும் ஒரே வளவுக்குள் இருந்தன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸி, பிள்ளைகளின் நோய்களுக்கென்றே தனி ஏடு எழுதினார். இவற்றைப் பெருமைக்காகச் சொல்லிவிட்டு நிறுத்துவது எமது பழக்கமாகிவிட்டது. எமது பெண் பிள்ளைகளில் எத்தனை பேரைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பத் துணிகிறோம்? இரு மொழியும் தெரிந்த எமது மகள் ஒருத்தி சிறுவர் வாட்டில் நின்றால், அவள் உம்மாமாருக்கும் தோட்டத்துத் தாய்மாருக்கும் ஒருசேர உதவுவாள்.

இன்னொரு பொறுப்பும் எமக்குண்டு. தோட்டங்களைச் சூழ்ந்த சிறு நகரங்களில் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் பாமசிகளும் பல. "நானா, பிள்ளைக்குக் காய்ச்ச மருந்து ஒன்னு குடுங்க" என்று முதலில் வந்து நிற்பது அங்கேதான். போத்தலை நீட்டிக் காசை வாங்குமுன், பிள்ளையின் நிறையைக் கேட்டு, போத்தலோடு சிறிஞ்ச் ஒன்றையும் கொடுத்து, எங்கே கோடு என்று காட்டி, "எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பது ஒரு ஸதகா. டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைக் காய்ச்சலுக்குக் கொடுக்காதிருப்பதும் அப்படியே.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஜீவனி கரைப்பதையோ டெங்கு அறிகுறிகளையோ சொல்ல ஒரு தாதியையோ வைத்தியரையோ அழைக்கலாம். ரமழானில் இன்னொன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பாலூட்டும் தாய் தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பைப் பிற்படுத்த மார்க்கத்தில் சலுகையுண்டு. வாட்டில் பிள்ளையோடு தங்கியிருக்கும் உம்மா இதை அறிந்திருக்கவேண்டும். அங்குள்ள தாதிக்கும் இது தெரிந்திருந்தால், பேச்சு மனத்தாங்கலில் முடியாது. பிள்ளைக்கு ஓதிப் பார்க்க லெப்பையிடம் கொண்டுபோவதைத் தாதி ஏளனம் செய்யத் தேவையில்லை. ஓதிய தண்ணீரும் குடிக்கட்டும், ஜீவனியும் குடிக்கட்டும், நேரம் மட்டும் தாமதிக்கக்கூடாது என்று சொன்னால் இரு பக்கமும் ஏற்கும்.

அந்த இளம் தாய் வாட்டை விட்டுப் போகும்போது சிறிஞ்சைக் கைலேஞ்சியில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார். வாசலில் நின்ற தாதியிடம், கேட்காமலேயே, "இந்தக் கோடு வரைக்கும் மிஸ், காய்ச்ச இருந்தா மட்டும்" என்று தமிழில் சொன்னார். தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த விரல் கோட்டில் சரியாக நின்றதைப் பார்த்து, அவர் சிரித்துத் தலையாட்டினார்.